இயற்கையும் செயற்கையும்: சுருள்மயிர் எழுப்பும் ஓர் அறவியல் வினா

மனிதரின் தலைமயிர் அறவியல் ஆராய்ச்சிக்குரிய பொருளாகுமா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. நீதி, சுதந்திரம், கடமை ஆகியன பற்றிச் சிந்திக்கும் ஒரு துறையில் சீப்புக்கும் எண்ணெய்க்கும் இடமில்லையெனக் கருதுவோர் பலர். ஆயினும், தமிழ் மரபிற் பெரிதும் பேசப்படும் வாதங்களுள் ஒன்று கூந்தலைப் பற்றியதே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. மகளிர் கூந்தலின் மணம் இயற்கையா, செயற்கையா என்பதே பாண்டிய மன்னனின் உள்ளத்தில் எழுந்த ஐயமெனத் திருவிளையாடற் புராணம் கூறும். தருமி கொணர்ந்த பாடலிற் குற்றங்கண்ட நக்கீரர், மலர் முதலியவற்றின் சேர்க்கையாலன்றிக் கூந்தலுக்கு மணமில்லையென இறைவனோடும் வாதிட்டார். அவரது துணிவைத் தமிழுலகம் நெடுங்காலமாகப் போற்றி வந்துள்ளது. எனினும், அவ்வாதத்தில் எவரும் கருதாத ஒன்று உண்டு. அவையிலிருந்த புலவரோ மன்னனோ அக்கூந்தலுக்கு உரியவளிடம் எதனையும் வினவவில்லை.

மயிர் இயற்கையானதா, செயற்கையானதா என்பது ஒரு வினா. அம்மயிரைப் பற்றி முடிவு கூறும் உரிமை யாருக்குரியது என்பது மற்றொரு வினா. இவ்விரண்டும் புராணக் கதையோடு நின்றுவிடவில்லை. கடந்த இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக, ஆபிரிக்க வழிவந்த மக்களின் இறுகச் சுருண்ட மயிர் பற்றி இவ்வினாக்கள் சட்டசபையிலும் நீதிமன்றத்திலும் பாடசாலையிலும் திரும்பத் திரும்ப எழுந்துள்ளன. அவற்றுக்கு அளிக்கப்பட்ட விடைகளால் மக்கள் தொழிலையும் கல்வியையும் வாழிடத்தையும் இழந்துள்ளனர். ஆதலின், சுருள்மயிரை ஏற்றுப் பேணுதல் என்பதன் அறவியற் பொருளை ஆராய்வதற்கு அவர்களது வரலாறே மிகப் பொருத்தமான களமாகும்.

முதலில் அம்மயிரின் இயல்பை நோக்குதல் வேண்டும். நேர்மயிரின் குறுக்குவெட்டு ஏறத்தாழ வட்டமாக இருக்க, இறுகச் சுருண்ட மயிரின் குறுக்குவெட்டு தட்டையான நீள்வட்டமாக அமைகின்றது. தலைத்தோலினுள் வளைந்திருக்கும் மயிர்க்காலிலிருந்து தோன்றும் இழை வளைந்தே வளர்கின்றது. மயிரிலுள்ள கெரற்றின் என்னும் புரதத்தின் இருசல்பைட்டுப் பிணைப்புகள் அவ்வடிவத்தை நிலைநிறுத்துகின்றன. இத்தகைய மயிர் ஒரு குறைபாடன்று. டீனா லசிசி என்னும் மானிடவியலாளரும் அவர்தம் குழுவினரும், வெப்பமூட்டிய உருவப்பொம்மைக்குப் பல்வகைப் பொய்மயிர்களை அணிவித்து நடத்திய சோதனையின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளியாயின. கதிரவனின் வெப்பம் தலையைச் சென்றடையாது தடுப்பதில் இறுகச் சுருண்ட மயிரே சிறந்து விளங்கிற்று. வெப்பமண்டலத்தில் தோன்றிய மனித இனத்துக்கு அது ஒரு காப்பாக இருந்திருத்தல் கூடும்.

ஆனால் வரலாறு அதனைக் காப்பாகக் கருதவில்லை. 1786ஆம் ஆண்டில், ஸ்பானிய ஆட்சிக்குட்பட்டிருந்த லூயிசியானாவின் ஆளுநர் எஸ்தெபான் மிரோ, அடிமைத்தளையற்ற ஆபிரிக்க வழிப் பெண்களும் தலைமயிரைத் துணியால் மூடவேண்டுமெனக் கட்டளையிட்டார். அவர்களது சிகையலங்காரம் சமூக ஒழுங்கிற்கு ஊறு விளைப்பதாக ஆட்சியாளர் அஞ்சினர். அப்பெண்களோ வண்ணத்துணிகளை எழிலுறக் கட்டி, இழிவுக்கென விதிக்கப்பட்ட அடையாளத்தை அணியாக்கினர். தென்னாபிரிக்காவில் 1950ஆம் ஆண்டின் குடித்தொகைப் பதிவுச் சட்டத்தின் கீழ் மக்கள் இனம் இனமாக வகுக்கப்பட்டபோது, பென்சில் சோதனை என்னும் வழக்கம் தோன்றிற்று. ஒருவரின் மயிரினுள் பென்சிலைச் செருகி, அது வீழ்கின்றதா நிற்கின்றதா என நோக்கினர். அந்த அற்ப நிகழ்வு அவர் எங்கு வாழலாம், யாரை மணக்கலாம் என்பவற்றைத் தீர்மானிக்கும் சான்றாயிற்று. 1991ஆம் ஆண்டில் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆயினும் 2016ஆம் ஆண்டில் பிரிட்டோரியா நகரின் பெண்கள் பாடசாலை ஒன்றில், தம் இயல்பான மயிரை ஒழுங்கீனமெனக் கருதும் நடைமுறையை எதிர்த்துக் கறுப்பின மாணவியர் கிளர்ந்தெழ நேர்ந்தது.

புறத்தேயிருந்து வரும் இகழ்ச்சி காலப்போக்கில் அகத்தேயும் குடிகொள்கின்றது. மல்கம் எக்ஸ் தமது தன்வரலாற்றில், இளமையில் பொஸ்ரன் நகரில் தம் மயிரை முதன்முதலாக நேராக்கிக்கொண்டதை விவரிக்கின்றார். எரிகாரம் கலந்த கலவை தலைத்தோலைச் சுட்டெரித்த வேதனையினூடே அவர் பெற்றது பெருமிதமே. பிற்காலத்தில் அதனை நினைந்து, தன்னைத் தானே இழிவுபடுத்திக்கொண்ட செயலாக அவர் அதனைக் கண்டார். வருத்துபவன் அருகில் இல்லாதபோதும் வருத்தம் தொடர்கின்றது என்பதே இவ்வகை ஒடுக்குமுறையின் தனித்தன்மையாகும்.

இந்நிலைக்கு எதிராக 1960களில் அமெரிக்காவில் எழுந்த குரல், கறுப்பே அழகு என முழங்கிற்று. 1962ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில், மயிரை நேராக்காத கறுப்பின மகளிர் தோன்றிய அழகுக்காட்சி ஒன்று நடைபெற்றது. கவாமே பிறாத்வெயிற் என்னும் புகைப்படக் கலைஞரும் அவர்தம் தோழர்களும் அதனை அமைத்தனர். இயற்கையே மேலானது, ஆதலின் இயற்கையான மயிரை அவ்வண்ணமே ஏற்றல் வேண்டும் என்பது அக்காலத்து வாதமாக அமைந்தது. போராட்டக் களத்தில் அவ்வாதம் பெரும் பணியாற்றிற்று என்பதில் ஐயமில்லை. எனினும், அறவியல் நோக்கில் அதன் அடித்தளம் உறுதியானதா என்பது ஆராயத்தக்கது.

1874ஆம் ஆண்டில் வெளிவந்த இயற்கை பற்றிய கட்டுரையில் ஜோன் ஸ்டுவர்ட் மில் இத்தகைய வாதத்தைச் சோதனைக்குள்ளாக்கினார். இயற்கை என்பது உலகில் நிகழும் அனைத்தையும் குறிக்குமாயின், மனிதரின் செயற்கைகளும் அதனுள் அடங்கும். அப்போது இயற்கையைப் பின்பற்றுக என்னும் அறிவுரை பொருளற்றதாகும். மனிதத் தலையீடின்றி நிகழ்வதை மட்டும் அது குறிக்குமாயின், நோய்க்கு மருந்துண்பதும் ஆற்றுக்குப் பாலமிடுவதும் பிழையாகிவிடும். இவ்வாதத்தை ஏற்பின், சுருள்மயிர் இயற்கையானது என்பதனால் மாத்திரம் அது போற்றத்தக்கதெனக் கூறவியலாது. நரையும் வழுக்கையும் இயற்கையே. அவற்றை ஏற்கவேண்டுமென்ற கடமை எவருக்கும் இல்லை.

இயற்கை என்னும் அளவுகோல் பலவீனமானது என்பதோடு, உரிமை கோருவோருக்கு எதிராகவும் அது திரும்பக்கூடியது. 1981ஆம் ஆண்டில், விமான நிறுவனமொன்றிற் பணியாற்றிய கறுப்பினப் பெண் ஒருவர், தாம் மயிரைப் பின்னியிருப்பதைத் தடுக்கும் விதியை எதிர்த்து நியூயோர்க்கில் வழக்குத் தொடர்ந்தார். பின்னல் மயிரின் இயற்கையான வளர்ச்சியின் விளைவன்று, செயற்கையின் விளைவு. எளிதில் மாற்றத்தக்கது எனக் கூறி நீதிமன்றம் அவரது கோரிக்கையை ஏற்க மறுத்தது. அலபாமாவில் சடைத்திரிகளை வெட்ட மறுத்தமையால் வேலையை இழந்த பெண்ணொருவரின் வழக்கிலும், மாற்றமுடியாத பண்புகளையே சட்டம் காக்கும் என்னும் நியாயத்தை 2016ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் முன்வைத்தது. நக்கீரர் எழுப்பிய அதே பாகுபாடு இங்கு நீதிபதிகளின் கையில் வாளாக மாறிவிட்டது.

இத்தீர்ப்புகளின் குறை யாது? பின்னல் செயற்கை என்பது உண்மை. ஆனால் இறுகச் சுருண்ட மயிரைப் பொறுத்தவரை, பின்னலும் முறுக்கும் வெறும் அலங்காரமல்ல. தலைத்தோலிற் சுரக்கும் நெய் நேரான இழைகளில் எளிதிற் பரவும். சுருண்ட இழைகளின் நுனியை அது சென்றடைவதில்லை. ஆதலின் அம்மயிர் விரைவில் வறள்கின்றது. வளைவு ஒவ்வொன்றும் இழையின் வலுக்குறைந்த இடமாகையால், உலர்ந்த நிலையில் நெருக்கமான சீப்பினால் வாரும்போது அது முறிகின்றது. பின்னல் அதனை முறிவிலிருந்து காக்கின்றது. அம்மயிர் தன்னியல்போடு வாழ்வதற்கே மனிதக் கைவண்ணம் வேண்டப்படுகின்றது. உழவின்றி வயலில்லை, வயல் செயற்கையென்பதனால் நெல் பொய்யாகிவிடுவதில்லை. இயற்கையையும் செயற்கையையும் பிரிக்கும் கோட்டை மனித உடலின்மீது தெளிவாக வரைதல் இயலாது. 2019ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டம், மயிரின் தன்மையையும் அதனைக் காக்கும் பின்னல், முறுக்கு முதலிய சிகை வகைகளையும் ஒருங்கே பாதுகாப்புக்குட்படுத்தியது. அதன்பின் இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் அவ்வழியைப் பின்பற்றியுள்ளன.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். புறத்தோற்றம் அறத்திற்குப் பொருட்டன்று. மழித்தலும் நீட்டலும் வேண்டாவென வள்ளுவர் கூடாவொழுக்க அதிகாரத்திற் கூறிவிட்டார். அவ்வாறிருக்க, மயிரின் பொருட்டு உரிமைப்போர் தொடுப்பது சிறுமையன்றோ என வினவுவோர் உளர். வள்ளுவரின் கருத்து உண்மையிலேயே இதற்கு எதிரானதன்று. தலைமயிரின் கோலம் ஒருவரின் ஒழுக்கத்துக்குச் சான்றாகாது என்பதே அக்குறளின் சாரம். அதனை ஏற்போர், சுருள்மயிரை ஒழுங்கீனத்துக்கும் தூய்மையின்மைக்கும் சான்றாகக் கொள்ளும் வேலைகொள்வோரையும் ஆசிரியரையுமே முதலிற் கண்டித்தல் வேண்டும். மயிர் அற்பமானது என்பது உண்மையாயின், அந்த அற்பத்தின் பொருட்டு ஒருவரின் ஊதியத்தையும் கல்வியையும் பறித்தல் பேரநீதியாகும். அற்பமென்னும் சொல் பாதிக்கப்பட்டோரை நோக்கி மட்டும் கூறப்படுவது நேர்மையன்று.

அவ்வாறாயின், சுருள்மயிரை ஏற்றல் என்பதன் பொருள் யாது? வாளாவிருத்தல் ஏற்றலாகாது. பல தலைமுறைகளாக மயிரை மறைக்கவும் நேராக்கவும் மட்டுமே கற்பிக்கப்பட்ட சமூகத்தில், அதனைப் பேணும் அறிவும் அருகிவிடுகின்றது. தன் மயிரின் உண்மையான வடிவத்தைக் காணாமலே முதுமையெய்திய பெண்கள் உளர். எனவே ஏற்றல் என்பது கற்றலோடு தொடங்குகின்றது. மென்மையான கழுவலும் ஈரப்பதத்தைக் காக்கும் பூச்சும் வேண்டும். அகன்ற பற்களையுடைய சீப்பினால், ஈரமான நிலையில், நுனியிலிருந்து அடிநோக்கிச் சிக்கெடுத்தல் வேண்டும். துவாயால் முரட்டுத்தனமாகத் தேய்த்தலைத் தவிர்த்தல் வேண்டும். இவை சிறு செய்திகளே. ஆயினும் ஒன்றை அதன் இயல்பறிந்து பேணுவதற்கும், அது வேறொன்றாக இல்லையே என வெறுத்து வருத்துவதற்கும் இடையே ஆழ்ந்த வேறுபாடு உண்டு. முன்னையது தன்மதிப்பின் பயிற்சியாகும். பொறுமையாகச் சிக்கெடுக்கும் தாயின் கையிலிருந்து குழந்தை கற்பது மயிர் பற்றிய பாடம் மட்டுமன்று.

இதன்பொருள், மயிரை நேராக்குவோர் அனைவரும் தன்மதிப்பை இழந்தோர் என்பதன்று. மடம் சீ. ஜே. வோக்கர் (1867–1919) எனப் புகழ்பெற்றவர், அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு விடுதலைக்குப்பின் பிறந்து, துணி வெளுத்துப் பிழைத்தவர். மயிருதிர்வினால் தாமே வருந்தியவர். தலைத்தோலைப் பேணும் மருந்துகளை விற்பதில் தொடங்கிய அவரது தொழில், ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களுக்குச் சொந்த வருவாயை அளித்தது. சூடேற்றிய சீப்பும் அத்தொழிலில் இடம்பெற்றமையால் அவர் கண்டனத்துக்கும் உள்ளானார். பிறர் வீட்டு வேலையிலிருந்து விடுபட்டு மதிப்போடு வாழ அப்பெண்கள் கண்ட வழியை, இன்றைய வசதியிலிருந்து இழித்துரைத்தல் எளிது, நீதியாகாது.

மறுபுறம், இயற்கை மயிரும் ஒரு புதிய கட்டளையாக மாறக்கூடும். 1994ஆம் ஆண்டில் அஞ்சலா டேவிஸ் எழுதிய கட்டுரையொன்று, தமது அரசியல் வாழ்வு மறக்கப்பட்டுத் தாம் ஒரு சிகையலங்காரமாக நினைவுகூரப்படுவதை நொந்துரைக்கின்றது. 1990களில் அன்ட்ரே வோக்கர் என்னும் சிகையலங்காரக் கலைஞர் பரப்பிய, மயிரை 1 முதல் 4 வரை வகுக்கும் முறையும், பேணும் வழியறிய உதவுவதோடு நில்லாமல் தரவரிசையாகவும் பயன்படுகின்றது. தளர்ந்த சுருள் விரும்பப்பட, இறுகிய சுருள் மீண்டும் பின்தள்ளப்படுகின்றது. பழைய இகழ்ச்சி புதிய பெயரோடு திரும்புவதற்கு இதுவே சான்று.

ஆகவே, செயல் இயற்கையா செயற்கையா என்பதனை விடுத்து வேறொரு வினாவை எழுப்புதல் வேண்டும். ஒருவர் தம் மயிரை நேராக்குகின்றார். அவர் அதனைச் செய்யாதிருந்தால் இழக்கவேண்டியது யாது? எதனையும் இழக்கவேண்டியதில்லையாயின் அது அவரது விருப்பம். தொழிலையோ மணவாய்ப்பையோ ஆசிரியரின் நன்மதிப்பையோ இழக்கவேண்டியிருப்பின், அதனை விருப்பமெனக் கூறுதல் மொழியைத் திரித்தலாகும். அவ்விலை பணத்தால் மட்டும் செலுத்தப்படுவதன்று. ஐக்கிய அமெரிக்காவில் 33,497 பெண்களைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வொன்றின் முடிவுகள் 2022ஆம் ஆண்டில் வெளிவந்தன. மயிரை நேராக்கும் இரசாயனங்களை ஒருபோதும் பயன்படுத்தாதோரில், 70 வயதிற்குள் கருப்பைப் புற்றுநோய்க்கு ஆளாவோர் 1.64 வீதமென மதிப்பிடப்பட்டது. அடிக்கடி பயன்படுத்துவோரில் அது 4.05 வீதம். இத்தொடர்பு இரசாயனமே காரணமென நிறுவிவிடவில்லை. எனினும், பிறரின் கண்ணுக்கு இசைவாகத் தோன்றுவதற்காக ஒருவரிடம் எவ்வளவு கேட்கப்படுகின்றது என்பதை அது சிந்திக்கச் செய்கின்றது.

இவ்வினா தமிழருக்கும் அந்நியமானதன்று. நெளிந்த கூந்தலை நீரோடிய கருமணலின் வரிகளோடு ஒப்பிட்டுப் பாராட்டியவர் சங்கப் புலவர். கூந்தலை முடிக்கும் ஐவகையுள் ஒன்றைச் சுருள் என்றே மரபு பெயரிட்டது. இன்றோ கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அழகுநிலையங்கள் நேர்மயிரையே விற்கின்றன. சுருட்டைத்தலை என்னும் சொல் வகுப்பறையிற் கேலிச்சொல்லாகவும் வழங்குகின்றது. இங்கு அதனை விதிக்கும் சட்டம் எதுவுமில்லை. சட்டமின்றியே இணங்கவைக்கும் ஆற்றல் ஏளனத்துக்கு உண்டு. அதனைச் சட்டத்தால் நீக்குதல் அரிது. வீட்டிலும் பாடசாலையிலும் பழகும் மனிதரின் நடத்தையாலேயே அது நீங்கவேண்டும். சுருண்ட மயிரையுடைய ஒரு சிறுமி, தான் அதனை எவ்வாறு வைத்துக்கொள்ள விரும்புகின்றாள் என்று வினவப்படுவதும், அவளது விடைக்காகப் பெரியோர் பொறுத்திருப்பதும் அதற்கான தொடக்கமாக அமையலாம்.