போதும் என்னும் சொல்

சங்கரன்கோவில் என்றதும் சங்கரநாராயணர் ஆலயமும் ஆடித்தபசுத் திருவிழாவும் நினைவுக்கு வரும். உணவின் சுவையறிந்தோருக்கு அவ்வூரின் ஆட்டுக்கறிப் பிரியாணியும் உடன் நினைவுக்கு வரும். தறியோசையும் மல்லிகை மணமும் கலந்த அந்த ஊரில் ஒரு நிக்காஹ் விருந்துக்கு நாம் சென்றிருந்தோம். பந்தியில் நமக்கு அருகே எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவரும், அவரையடுத்து அவருடைய பேரனும் அமர்ந்திருந்தனர்.

பெரியவர் தம் இலையில் விழுந்த கறித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேரனின் இலையில் வைத்தார். கண்டவர்கள், "பேரன் மேல் எவ்வளவு பாசம்!" என்று வியந்தனர். பரிமாறுகிறவர் மறுமுறை வந்தபோது பெரியவர் இலையின் மேல் கையைக் கவித்து, "போதும், போதும்" என்றார். சோற்றில் தால்ச்சாவை ஊற்றிக் குழையப் பிசைந்து நாலைந்து கவளம் உண்டதோடு எழுந்துவிட்டார்.

கை கழுவுமிடத்தில் அவரிடம் பேச்சுக் கொடுத்தோம். பேரனை அவர் நேசிக்கும் அழகைப் பாராட்டினோம். அவர் மெல்லச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "பாசமும் உண்டு தம்பி. ஆனா, கடிக்கப் பல்லு இல்லையே. அதை எதுக்குப் பிள்ளைகள்ட்டச் சொல்லிக்கிட்டு?" சொல்லிவிட்டுக் கைலியை இறுக்கிக் கட்டினார். இடுப்பில் அணிந்திருந்த அகன்ற தோல் வாரில், பழைய துளைகளுக்கு அப்பால், கத்தி முனையால் குத்திய புதிய துளைகள் இரண்டு இருந்தன.

அந்த இரண்டு துளைகள் நம்மை வெகுநாள் உறங்கவிடவில்லை. அவர் சொன்ன 'போதும்' எத்தகையது? உள்ளம் நிறைந்து வந்த சொல்லா? உண்ண இயலாமையை மறைக்க வந்த சொல்லா? அதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களின் கடமைதான் என்ன? சிறியதாகத் தோன்றும் இந்த வினாவுக்குள் பெரியதொரு அறம் அடங்கியிருக்கிறது.

வாயும் எடையும்

முதுமை வந்தால் பல் விழும், பல் விழுந்தால் உடல் மெலியும், இது இயற்கை என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. பற்களை வீழ்த்துவது வயதன்று. சொத்தையும் ஈறு நோயும் ஆகும். புகையிலையும் நீரிழிவும் ஈறு நோயை வளர்க்கின்றன. ஈறு நோய் முற்றினால் இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. இரத்த அழுத்தம் முதலியவற்றுக்காக உட்கொள்ளும் சில மருந்துகள் வாயை உலரச் செய்வதால், எஞ்சிய பற்களும் விரைவில் பழுதடைகின்றன. உலகில் 60 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 23 பேர் பற்கள் அனைத்தையும் இழந்தவர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

பல் போனால் முதலில் விலகுவது கறி. பின்னர் கடலை, பச்சைக் காய்கள், கொய்யா போன்ற கனிகள் என ஒவ்வொன்றாகத் தட்டைவிட்டு நீங்குகின்றன. எஞ்சுவன கஞ்சியும் இடியாப்பமும் தேநீரில் நனைத்த ரொட்டியுமே. இதனால் இரண்டு வகைக் கேடுகள் நேர்கின்றன. சிலர் உண்ணும் அளவு குறைந்து மெலிகின்றனர். வேறு சிலர் மாவும் சர்க்கரையுமே உணவாகிவிடுவதால் எடை கூடிப் பருக்கின்றனர். ஆனால் புரதம் போதாமையால் தசை கரைந்து, நாற்காலியிலிருந்து எழவும் கையூன்ற வேண்டியவராகின்றனர். பருத்திருப்பவரைக் கண்டு, 'இவருக்கு என்ன குறை?' என்று நாம் கேட்டுவிடுகிறோம். மெலிந்தவரின் குறையாவது கண்ணுக்குத் தெரியும். இவருடைய குறை அதுவும் தெரிவதில்லை.

முயற்சியின்றியே ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உடல் எடையில் நூற்றுக்கு 5 பங்கு குறையுமானால், முதியோரிடத்தில் அதை அலட்சியம் செய்யக் கூடாது என்பது மருத்துவர்கள் கொள்ளும் அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 3 கிலோதான். அக்குறைவுக்குப் பல் மட்டுமே காரணம் என்று முடிவு செய்துவிடவும் கூடாது. காசநோய், புற்றுநோய், நீரிழிவு, மனச்சோர்வு ஆகியவையும் எடையைக் குறைக்கும். எனவே மருத்துவரிடம் காட்டுவது முதற்கடமை. ஆனால் வாயைத் திறந்து பார்க்கச் சொல்வதையும் மறந்துவிடலாகாது.

பொறுமை யாருக்கு உரியது?

இனி அறத்தின் பக்கம் வருவோம். போதுமென்ற மனத்தை நம் முன்னோர் 'கனாஅத்' என்று போற்றினர். துன்பத்தைத் தாங்கும் பண்பைச் 'சபூர்' என்றனர். இரண்டும் உயர்ந்த குணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் எடுக்கக் கூடியவன் எடுக்காமல் விடுவதே போதுமென்ற மனம். எடுக்க இயலாதவன் கையை மடக்கிக்கொள்வதை அப்பெயரால் அழைக்கலாமா? சபூர் என்பது துன்புறுகிறவர் தமக்காகத் தேடிக்கொள்ளும் செல்வம். அருகில் இருப்பவர் அதைத் தமக்கு வசதியாக எடுத்துக்கொள்ள உரிமையில்லை. 'வாப்பா எதற்கும் குறை சொல்லமாட்டார்' என்று பெருமை பேசும் பிள்ளை, அந்தப் பெருமையினால் தனக்கு எவ்வளவு செலவும் அலைச்சலும் மிச்சமாயிற்று என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

பிறரைச் சொல்வானேன்? நாமும் இக்குற்றத்துக்கு ஆளானவர்களே. நம் தாயார் மூன்றாண்டுக் காலம், "வயிறு சரியில்லை" என்று கூறியே கறியை ஒதுக்கி வந்தார்கள். உம்மாவின் சிற்றுணவுப் பழக்கத்தை நாம் விருந்தினரிடமெல்லாம் சிறப்பித்துச் சொன்னோம். ஒருநாள் பாத்திரம் துலக்கும்போது அவர்களுடைய வளையல் தானே கழன்று நீரில் விழுந்தது. அன்றுதான் அவர்களுடைய கையைப் பார்த்தோம். அதுவரை அந்தக் கை பரிமாறியதைத்தான் பார்த்திருந்தோம். எல்லோரும் உண்டபின் தனியே உண்ணும் தாய்மார்கள் எதை உண்டார்கள், எதை விட்டார்கள் என்பது எந்த இல்லத்தில் யாருக்குத் தெரிகிறது?

'இந்த வயதில் பல் கட்டுவது அழகுக்காகத்தானே? ஊர் சிரிக்காதா?' என்று சில பெரியவர்கள் கூசுகின்றனர். அவர்களுக்கு அர்ஃபஜா (ரலி) அவர்களின் செய்தியை நினைவூட்டலாம். அறியாமைக் காலத்துக் குலாப் போரில் மூக்கை இழந்த அவர், வெள்ளியால் மூக்கொன்று செய்து பொருத்திக்கொண்டார். அது நாற்றமடித்தபோது, பொன்னால் செய்து கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஆண்களுக்குப் பொன் விலக்கப்பட்டிருந்தும், உடற்குறையைச் சீர்செய்ய அது இசைவாயிற்று. பற்களைப் பொன்னால் கட்டலாம் என்பதற்கு மார்க்க அறிஞர்கள் ஆதாரமாகக் கொண்டதும் இந்நிகழ்ச்சியே.

அந்த வழியிலேயே நம்மவர் நடந்திருக்கின்றனர். பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபா நகரருகே வாழ்ந்த மருத்துவமேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, பற்காறையைச் சுரண்டும் கருவிகளை வரைந்து காட்டினார். ஆடும் பற்களைப் பொற்கம்பியால் கட்டவும், இழந்த பல்லுக்கு மாட்டெலும்பில் செதுக்கிய பல்லைப் பொருத்தவும் எழுதி வைத்தார். நம் நாட்டின் முதற் பல் மருத்துவக் கல்லூரியை 1920-இல் கல்கத்தாவில் நிறுவியவர் டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத். அமெரிக்காவில் பயின்று திரும்பிய அவர், தாம் நடத்திய குளிர்பானக் கடையின் வருவாயைக் கொண்டே அக்கல்லூரியை வளர்த்தார். அவர் பிறந்த டிசம்பர் 24-ஆம் நாள் இந்தியாவில் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. மிஸ்வாக்கின் சிறப்பை மேடைதோறும் கேட்கும் சமுதாயம், இந்தப் பெயரையும் தன் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாமே!

அரசுகளும் இதைப் பொதுக் கடமையாகக் கருதத் தொடங்கியிருக்கின்றன. எண்பது வயதிலும் இருபது பற்கள் இருக்க வேண்டும் என்ற இயக்கத்தை ஜப்பான் 1989-இல் தொடங்கியது. நம் தென்காசி மாவட்டத்தை அடுத்துள்ள கேரளம், வறிய முதியோருக்குச் செயற்கைப் பல் வரிசையை இலவசமாக வழங்க ஒரு திட்டம் வகுத்து, அதற்கு 'மந்தஹாசம்' என்று பெயரிட்டது. புன்னகை என்பது அதன் பொருள்.

இல்லத்தின் பங்கு

ஆயினும் செயற்கைப் பல் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணலாகாது. முழுப் பல் வரிசையின் கடிவிசை, இயற்கைப் பல்லின் விசையில் நான்கிலொரு பங்கை எட்டுவதே அரிது. பல் கட்டியதனால் மட்டும் முதியோரின் உணவு மாறிவிடுவதில்லை என்றும், உணவைப் பற்றிய அறிவுரையும் சேர்ந்தபோதே காய்கனி உண்பது கூடுகிறது என்றும் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். மருத்துவர் பல்லைத் தரலாம். பல்லுக்கேற்ற உணவைத் தர வேண்டியது இல்லம்.

அது அரிய செயலன்று. கறியைக் கொத்திச் சமைக்கலாம். முள் நீக்கிய மீனும் முட்டையும் குழைய வெந்த பருப்பும் நாள்தோறும் தரலாம். பழுத்த பப்பாளியும் வாழையும் வாங்கி வரலாம். மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். பல் வரிசை அணிந்தவர் இரவில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து நீரில் இட்டு வைக்க உதவலாம். இவை யாவற்றினும் மேலானது, அவர்கள் உண்ணும்போது உடனமர்ந்து உண்பது.

பெரியவர்களை வற்புறுத்த வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. உடல் அவர்களுடைய அமானிதம்; முடிவும் அவர்களுடையதே. ஆனால் நிவாரணம் உண்டு என்று அறிவித்து, அதற்கான செலவு நம்முடையது என்று தெளிவாக்கி, அழைத்துச் செல்ல ஆயத்தமாக நின்ற பிறகும் அவர்கள் 'போதும்' என்பார்களேயானால், அது அவர்களின் சொல். அதற்கு முன் அவர்கள் சொன்ன 'போதும்', நம் அலட்சியம் அவர்கள் வாயால் பேசிய சொல்.

ரமலான் மாலைகளில் பள்ளிவாசல் முற்றத்தில் நோன்புக் கஞ்சி வழங்கப்படுவதை எண்ணிப் பாருங்கள். அரிசியும் பருப்பும் கொத்துக்கறியும் கரைந்து ஒன்றான அந்தக் கஞ்சியின் முன் பல்லுள்ளவர் எவர், பல்லில்லாதவர் எவர் என்று யாருக்கும் தெரியாது. எவரும் இலைமேல் கை கவிப்பதில்லை. ஆண்டில் ஒரு மாதம் நம் முதியோர் எல்லோரோடும் ஒன்றாக, வயிறார உண்கின்றனர். மற்றப் பதினோரு மாதங்களுக்கும் நாம் என்ன செய்யப் போகிறோம்?