அளவு வகுத்தலும் கணக்கு எழுதுதலும்



ஆதிபகவன் விருஷபதேவர் நெடுநாள் உணவின்றி நடந்து, அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் அளித்த கருப்பஞ்சாற்றை ஏற்றருளிய நாளே நமக்கு அட்சய திருதியை. அது கொடுத்தற்குரிய திருநாள். இன்றோ அந்நாளில் நகைக்கடை வாயிலில் வரிசையில் நிற்கின்றோம். கையில் பொருளில்லாதார் கடன் வாங்கியேனும் ஒரு கிராம் பொன் கொண்டு திரும்புகின்றனர். பிறர்மேல் குறை கூற இதனைச் சொல்லவில்லை. என் இல்லத்திலும் அவ்வாறு வாங்கியதுண்டு.

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் இறுதியில் நிற்பது பொருளுக்கு அளவு வகுத்தல். நிலமும் மனையும், வெள்ளியும் பொன்னும், கால்நடையும் தானியமும், ஏவலரும், துணியும் பாத்திரமும் இவ்வளவே போதும் என வரையறுத்துக்கொள்வது அது. இவ்விரதம் ஏற்ற பலரை அறிவேன். ஆனால் தம்மிடம் உள்ளது எவ்வளவு, பிறர்க்குத் தரவேண்டியது எவ்வளவு என்று வினவினால் அவர்களுட் பலர் விடையின்றி நிற்கின்றனர். உள்ளதன் அளவையே அறியாதார் வேண்டுவதன் அளவை எங்ஙனம் வகுப்பர்?

சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்திற்குரிய வழுக்கள் ஐந்தினைக் கூறுகின்றார். மிகையாக ஓட்டுதல், மிகையாகச் சேர்த்தல், வியத்தல், பேராசை, மிகுபாரம் ஏற்றுதல் என்பன அவை. மாட்டின்மீது மிகுபாரம் ஏற்றுவோர் நம்மிடையே இன்று அரியர். ஈட்டும் ஒரு மகன்மேல் வீட்டுக் கடன், வாகனக் கடன், நகைக் கடன் என அடுக்கி ஏற்றுவோர் பலர். வியத்தல் என்பது பிறர் பெற்ற செல்வத்தைக் கண்டு மனம் மயங்குதல். அந்த வழுவில் நானே வீழ்ந்தேன்.

1996ஆம் ஆண்டு. உறவினர் ஒருவர் வந்தார். ஒரு நிதி நிறுவனத்திற்கு வைப்புத்தொகை சேர்த்துக்கொடுக்கும் முகவர் அவர். வங்கி தருவதைப்போல் இருமடங்கு வட்டி என்றார். தம் பங்காளி பெற்ற வட்டியில் கட்டிய மாடியையும் காட்டினார். வகுப்பறையில் தனிவட்டியும் கூட்டுவட்டியும் நடத்திய நான், இவ்வட்டியைத் தர அந்நிறுவனம் எத்தொழிலில் எவ்வளவு ஈட்ட வேண்டும் என்று ஒரு வரி கணக்குப் போடவில்லை. மகளின் திருமணத்திற்கென வைத்திருந்த 40,000 ரூபாயைக் கொடுத்தேன். அத்துடன் நின்றிருந்தால் இழப்பு என்னோடு போயிருக்கும். அடுத்த வீட்டுக் கைம்பெண் ஒருவரிடமும், "டீச்சரே போட்டிருக்கேன், பயமில்லை" என்றேன். அவர் 6,000 ரூபாய் போட்டார். அடுத்த ஆண்டு அந்நிறுவனத்தின் கதவில் பூட்டுத் தொங்கியது. இத்தகைய வீழ்ச்சிகளை ஒட்டியே 1997இல் தமிழக அரசு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது.

உயிர்க்கு ஊறு செய்யேன் என்னும் விரதத்தை நாள்தோறும் சொல்லிய என் நாவே அவ்வம்மையாரின் அடுப்பைக் குளிரச் செய்தது.

அன்று நான் செய்த பிழை, விற்க வந்தவரிடமே பாடமும் கேட்டது. தரகு பெறுவோர் எல்லாரும் தீயவர் அல்லர்; ஆயினும் அவர் சொல்லை, அவ்விற்பனையால் பயன் பெறாத இன்னொருவரிடம் காட்டிக் கேட்டல் வேண்டும். சில செய்திகளை நாமே அறிந்துகொள்ளலாம். வங்கி வைப்பில் ஒருவர்க்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு; 2020 முதல் இவ்வளவு. நிதி நிறுவன வைப்புக்கு அது இல்லை. "நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்தான்" என்று 12,000 ரூபாய் தந்து, பன்னிரண்டு மாதம் 1,120 ரூபாய் வீதம் வாங்குவோர் உளர். மாதந்தோறும் முதல் குறைந்துவரினும் வட்டி முழு முதலுக்கே கணக்கிடப்படுவதால், உண்மையான ஆண்டு வட்டி 12 அன்று, 21 விழுக்காட்டிற்கும் மேல். 2024 அக்டோபர் முதல், தனிநபர் கடன்களுக்கு முழுச் செலவையும் ஆண்டு விகிதமாகக் காட்டும் விவரத்தாளை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தருதல் வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கையொப்பம் இடுமுன் அதனைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது.

கணக்கெழுத நேரமில்லை என்பார்க்கு ஒன்று கூறுவேன். கதிர் மறையுமுன் உண்டு முடிக்கும் இல்லம் நம்முடையது. ஏனையோர் அடுப்பு மூட்டும் வேளையில் நமக்குப் பொழுது மிச்சம். விளக்கேற்றிய பின் பால், காய்கறி, மருந்து, தவணை என அரைப்பக்கம் எழுதக் கால்மணி போதும். கணவன் மட்டும் அறிந்து மனைவி அறியாத கணக்கு பாதிக் கணக்கே. பிள்ளைகளும் அருகில் இருக்கட்டும்.

அவ்வம்மையார்க்கு என் ஊதியத்திலிருந்து மாதம் 200 ரூபாய் வீதம் இரண்டரை ஆண்டுகள் கொடுத்தேன். இறுதித் தவணையன்று அவர் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து விரித்தார். முப்பது தவணையும் தேதியிட்டு எழுதப்பட்டிருந்தன. நான்காம் வகுப்பு வரை படித்த அவர் கணக்கு என் கணக்கைவிடத் தெளிவாக இருந்தது. எந்த மாதத்தில் நான் இரண்டு நாள் தாமதித்தேன் என்பதும் அதில் இருந்தது.