வரைபடம் எதை மறக்கலாம்?

2025 ஏப்ரல் 29 அன்று தமிழக முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் ஓர் அறிவிப்பு செய்தார். தலித் குடியிருப்புகளைச் சுட்டும் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்றார். தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் அது மாறிவிட்டது என்பதே காரணம். ஆவணத்தில் ஒரு சொல்லை அடிக்க அரசாணை போதும். ஆனால் ஒரு குடியிருப்பின் பெயரை இன்று வெளியாருக்கு முதலில் சொல்வது கைபேசியில் உள்ள வரைபடம்தான். சாப்பாடு கொண்டு வருபவர் அதைத்தான் பார்க்கிறார். சம்பந்தம் பேச வருகிற குடும்பமும், வேலை கேட்டு வந்தவரின் முகவரியைத் தேடிப் பார்க்கும் முதலாளியும் அதைத்தான் பார்க்கிறார்கள். சாதியை வாய்விட்டுக் கேட்கக் கூசுகிறவர்களுக்கும் வரைபடம் கேளாமலே பதில் சொல்லிவிடுகிறது.

அப்படியானால் அந்தப் பெயரை வரைபடம் மறந்துவிட வேண்டியதுதானே? வேண்டும் என்றே இக்கட்டுரை கருதுகிறது. ஆனால் எல்லா மறதியும் இப்படி நியாயமானதல்ல.

சென்னையை எடுத்துக்கொள்வோம். தியாகராய நகர் 1920களில் உருவானபோது, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த மாம்பலத்துப் பெரிய ஏரி வடிக்கப்பட்டு மனைகளானது. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் ஓர் ஏரிப் படுகையில்தான் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ சாலை இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. திரையில் தெரியும் வரைபடம் நிகழ்காலத்தை மட்டுமே காட்டும். நேற்று நீர் நின்ற இடம் இன்று அடுக்குமாடியின் பெயரைத் தாங்கி நிற்கும். அந்தத் தெருப்பெயரும் நாளை ஒரு பிரமுகரின் பெயராக மாறினால், அங்கே நீர் இருந்ததற்கான கடைசிச் சாட்சியும் போய்விடும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவைக் கொண்டு ஒரு வெள்ள வரைபடம் அமைக்கப்பட்டது. மக்கள் தங்கள் தெருவைத் தொட்டு, 'இங்கே வெள்ளம்' என்று குறித்தார்கள். ஒரு நகரம் தன் நினைவைத் தானே எழுதிய அரிய தருணம் அது. ஆனால் அப்படிக் குறிக்கப்பட்ட தெருவில் மனை விற்க நினைப்பவருக்கு அந்தக் குறி உறுத்தும்.

காலனி என்ற பெயரை நீக்கச் சொல்பவரும், ஏரி என்ற பெயர் வேண்டாம் என்பவரும் கேட்பது ஒன்றே: எங்கள் இடத்தின் மீதுள்ள பழைய பெயரை எடுங்கள். இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி உதவும். அந்த மறதிக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? முதலாவதில், பெயரின் சுமையைத் தலைமுறைகளாகச் சுமந்தவர்களே அதை இறக்கச் சொல்கிறார்கள். அதனால் இழப்பு என்று ஒன்று இருந்தால், முகவரியை வைத்துச் சாதி அறிய விரும்புபவருக்குத்தான். அந்த இழப்பைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. இரண்டாவதில், லாபம் விற்பவருக்கு. ஆயுள் முழுக்கச் சேர்த்ததைக் கொடுத்து வாங்கியவர், அடுத்த பெருமழையில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பார். அந்த மறதிக்கு அவரிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை.

யாரும் கேட்காமலே வரைபடம் மறப்பதும் உண்டு. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைச் சிதைத்தது. பிறகு கூகுளின் செயற்கைக்கோள் படங்களில் அந்த இடங்கள் புயலுக்கு முந்தைய தோற்றத்தில் காட்சியளித்தன. 2007 மார்ச்சில் இது வெளியே தெரிந்ததும், வரலாற்றைத் துடைத்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்றும் விளக்கம் கேட்டது. தெளிவான படங்களைத் தேர்ந்தெடுத்தோம் என்றது நிறுவனம். பிறகு புயலுக்குப் பிந்தைய படங்களை மீண்டும் ஏற்றியது. தீய நோக்கம் இருந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. தரம் கருதிச் செய்த ஒரு தொழில்நுட்ப முடிவே, வீடிழந்தவர்களின் இழப்பைத் திரையிலிருந்து அகற்றப் போதுமானதாக இருந்தது.

காலனிப் பெயருக்கு வருவோம். அதை நீக்கினால், ஊர் ஏன் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது, ஒரே கிராமத்துக்கு ஏன் இரண்டு சுடுகாடு என்பதன் தடயமும் அழியாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தயக்கம் நேர்மையானது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓர் இடத்தின் பழைய பெயரைச் சேமிக்கத் தனிப் புலமே இருக்கிறது. ஏரிப் பெயர்கள் அதில் அவசியம் ஏற வேண்டும். சாதி சுட்டும் பெயர்கள் ஏறக் கூடாது. அந்தத் தரவு எல்லோருக்கும் திறந்தது; சாதியைத் துழாவுகிற கையும் அதை எடுக்க முடியும். ஒதுக்கி வைத்த வரலாற்றை நீதிமன்றத் தீர்ப்புகளும் ஆய்வுகளும் தலித் எழுத்தாளர்களின் நூல்களும் காக்கின்றன. அங்கே அது, சொல்பவரின் குரலோடு இருக்கிறது. வரைபடத்திலோ குரல் இல்லை, வெறும் முத்திரைதான் இருக்கிறது.

இன்னும் கடினமான சிக்கல் ஒன்று உண்டு. தன்னார்வ வரைபடங்களின் அடிப்படை விதி, களத்தில் வழங்கும் பெயரைப் பதிவது. அலுவலகத்தில் உட்கார்ந்து பெயர் வைக்கும் அதிகாரத்துக்கு எதிராக எழுந்த நல்ல விதி அது. ஆனால் தமிழகத்தில் 'களம்' என்பது ஒன்றல்ல. பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடையில் ஒரு குடியிருப்பின் பெயரைக் கேட்டால் வருவது, ஊர்த்தெரு வைத்த பெயர். அந்தக் குடியிருப்பில் வாழ்பவர்களைக் கேட்டால் அம்பேத்கர் நகர் என்பார்கள். பல இடங்களில் ஊர்த்தெருவில்தான் வீடுகள் அதிகம். எண்ணிக்கை பார்த்தால் அவர்கள் சொல்வதே நிற்கும். பெரும்பான்மையின் பழக்கத்தை உண்மை என்று ஏற்பது மற்ற பல இடங்களில் சரியாக இருக்கலாம். ஒருவர் வாழும் இடத்துக்கு அடுத்தவர் வைத்த இழிபெயரைப் பொறுத்தவரை அது அநீதி.

கிராம சபையில் பெயர் மாற்றத்துக்குத் தீர்மானம் போடும்போதும் இதே தராசுதான் தூக்கப்படும். கைதூக்கும் எண்ணிக்கையை மட்டும் குறித்தால், பெயரைச் சுமப்பவர்கள் என்ன கேட்டார்கள் என்பது நடவடிக்கைக் குறிப்பில் இருக்காது. அப்படிச் சுமப்பவர்கள் சொன்ன பெயரைத் தனியாக எழுதி, அவர்களின் கையொப்பத்தோடு தீர்மானத்தில் இணைக்கலாம். அப்போது, எங்கோ ஒரு நகரத்தில் கணினி முன் அமர்ந்து அந்தக் கிராமத்தைத் திருத்துகிற தன்னார்வலர், தேநீர்க் கடையின் பேச்சை நம்பியிருக்க வேண்டியதில்லை.