பஞ்சபூதமும் நம் வீட்டு மின்கட்டணமும்



தேவார வகுப்புக்குப் போனவர்கள் எல்லாரும் பஞ்சபூதத் தலங்களை மனப்பாடம் செய்திருப்போம். காஞ்சிபுரம் நிலம், திருவானைக்கா நீர், திருவண்ணாமலை நெருப்பு, திருக்காளத்தி காற்று, சிதம்பரம் ஆகாயம். யார் கேட்டாலும் டக்குன்னு சொல்லிடுவோம். ஆனால் இதன் பொருளைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். காளத்தியில் வீசும் காற்று இறைவன் வடிவம் என்றால், கிள்ளானில் வீசும் காற்று யாருடைய வடிவம்?

நான் பொறியியல் படிக்கும் மாணவன். சமயம் போதிக்கும் அளவுக்குப் பெரியவன் இல்லை. ஆனாலும் வகுப்பில் போடுகிற கணக்கும் கோயிலில் கேட்கிற தத்துவமும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்று சேருவதாக எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்கு கரிவளி இருந்தது. இன்று அது 420-ஐத் தாண்டிவிட்டது. நிலத்துக்கடியில் கிடந்த நிலக்கரியையும் எண்ணெயையும் எரிவாயுவையும் எடுத்து எரித்ததே முக்கியக் காரணம். புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வோம் என்று 2015-இல் பாரிஸில் நாடுகள் ஒப்புக்கொண்டன. 2024-ஆம் ஆண்டின் சராசரி அந்த அளவைத் தாண்டியது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் மழை பெய்தால் கொட்டித் தீர்க்கிறது.

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி உதவிக்குக் காத்திருந்ததை நாம் மறக்கவில்லை. வெள்ளத்துக்கு வடிகால், ஆற்றோரக் கட்டுமானம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஒரு மழையை மட்டும் காட்டி, ‘இதுதான் பருவநிலை மாற்றம்’ என்று சொல்வது முறையல்ல. ஆனால் காற்று சூடாகச் சூடாக, அப்படிப்பட்ட மழைக்கு வாய்ப்பு கூடுகிறது.

இதைப் பேச ஆரம்பித்தால் நம்மவர்களிடம் இரண்டு பதில்கள் வரும். முதலாவது, “எல்லாம் சாமி பார்த்துக்குவாரு.” சைவ சித்தாந்தம் அப்படிச் சொல்லவில்லை. வினை செய்வது உயிர். அந்த வினையின் பயனைக் கூட்டுவிப்பது இறைவன். நாம் செய்கிற வேலையை நமக்குப் பதிலாக அவர் செய்ய மாட்டார். இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பார்கள். ஆனால் இந்தப் புகையில் கண்ணுக்குத் தெரிகிற துன்பம் முதலில் வேறொருவர் தலையில் விழுகிறது. தாழ்வான பகுதியில் தரைவீட்டில் இருப்பவர், வெயிலில் வேலை செய்பவர், இன்னும் பிறக்காத குழந்தை, இவர்கள்தான் முதலில் அறுக்கிறார்கள். அப்படியென்றால் இது அகிம்சை சம்பந்தப்பட்ட விஷயம். வெள்ளிக்கிழமை சைவம் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி ஏர்கோனை 16-இல் வைத்துப் போர்வைக்குள் படுத்தால், நம் அகிம்சை சாப்பாட்டுத் தட்டோடு நின்றுவிடுகிறது.

இரண்டாவது பதில், “நாம ஒரு வீடு செஞ்சா என்ன ஆகப்போகுது?” நியாயமான கேள்விதான். அரசாங்கமும் பெரிய நிறுவனங்களும் செய்ய வேண்டியது நம்மைவிடப் பல மடங்கு அதிகம். அதைக் கேட்கவும் வேண்டும். ஆனால் தைப்பூசத்தன்று பத்துமலையில் லட்சக்கணக்கானோர் கூடும்போது, “நான் ஒருத்தன் பால்குடம் எடுக்காட்டி முருகனுக்கு என்ன குறை?” என்று யாராவது கேட்கிறோமா? எண்ணிக்கை பார்த்து நாம் நேர்த்திக்கடன் செலுத்துவதில்லை. நம் பங்கு என்பதால் செலுத்துகிறோம். அந்த லட்சமும் இப்படி ஒருவர் ஒருவராக வந்து சேர்ந்ததுதானே!

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் ஏர்கோன். தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும் பிறக்கிறது. மஞ்சோங், காப்பார், தஞ்சோங் பின் போன்ற இடங்களில் நிலக்கரி எரிகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் முக்கால் கிலோ கரிவளி வெளியாகும். ஒரு குதிரைசக்தி ஏர்கோன் இரவு 8 மணி நேரம் ஓடினால் தோராயமாக 5 யூனிட். வருடம் முழுக்க ஓடினால் ஒரு டன்னுக்கு மேல் கரிவளி. மேல்காற்றாடி அதே 8 மணி நேரத்துக்கு அரை யூனிட்தான். ஏர்கோனை 25, 26-இல் வைத்துக் காற்றாடியையும் சுழலவிட்டால் உடம்புக்கு அதே சுகம் கிடைக்கும், மின்கட்டணமும் குறையும். வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுங்கள். புதிதாக வாங்கினால் 5 நட்சத்திர முத்திரை பார்த்து வாங்குங்கள். கேஸ் குறைந்தால் சும்மா நிரப்பிவிட்டுப் போக விடாதீர்கள். கசிவை அடைக்கச் சொல்லுங்கள். பல ஏர்கோன்களில் உள்ள ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ வெளியேறினால், சுமார் 2,000 கிலோ கரிவளிக்குச் சமம்.

“அப்படியென்றால் சாமி விளக்கும் ஏற்றக் கூடாதா?” என்று சிலர் கேட்பார்கள். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 மில்லி நல்லெண்ணெய் எரிந்தால் வருவது சுமார் 75 கிராம் கரிவளி. அதுவும் எள்ளுச் செடி காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான் காற்றுக்குத் திரும்புகிறது. ஒரு ராத்திரி ஏர்கோன் வெளியிடுவது இதைப்போல் ஐம்பது மடங்கு. விளக்கைத் தாராளமாக ஏற்றுங்கள். ஏற்றிவிட்டு ஆளில்லாத அறையின் விளக்கையும் காற்றாடியையும் அடையுங்கள்.

அடுத்தது அன்னம். உணவைக் குப்பையோடு மண்ணில் புதைத்தால், காற்றுப் படாமல் அழுகி மீத்தேன் வாயு வெளியாகும். நூறு ஆண்டுக் கணக்கில் அது கரிவளியைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. அன்னத்தைத் தெய்வம் என்று வணங்கும் நாம், திருமணத்திலும் உபயத்திலும் வாளி வாளியாகக் கொட்டுகிறோம். எத்தனை பேர் வருவார்கள் என்று முன்பே கேட்டுச் சமைக்கலாம். மிஞ்சியதைச் சூடு ஆறுவதற்குள் பிரித்துக் கொடுக்கலாம். பூசைப் பூவையும் காய்கறித் தோலையும் ஒரு தொட்டியில் காய்ந்த இலையோடு மாற்றி மாற்றிப் போட்டு, அவ்வப்போது கிளறிவிட்டால் உரமாகிவிடும். துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் அதையே போடலாம்.

கோயில் அன்னதானத்துக்கு வாழையிலையோ கழுவிப் பயன்படுத்தும் தட்டோ இருக்கட்டும். போலிஸ்டைரீன் பெட்டி வேண்டாம் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். கேட்பதோடு நிற்காமல், “தட்டு கழுவ நாங்க வர்றோம்” என்றும் சொல்லுங்கள். அப்போதுதான் பெரியவர்கள் சம்மதிப்பார்கள். ஒரே தாமானிலிருந்து ஐந்து கார் போகும் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு இரண்டு காரில் போகலாம். பேசிக்கொண்டே போகலாம், காடி நிறுத்த இடமும் கிடைக்கும்.

வீட்டில் இதையெல்லாம் பாடம் நடத்துவதுபோல் ஆரம்பிக்காதீர்கள். தோட்டத்தில் வாழ்ந்த நம் பாட்டிமார் தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுபோனவர்கள். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மறுநாள் காலையில் உண்டவர்கள். அவர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? “பாட்டி, அப்பல்லாம் எப்படிச் செஞ்சீங்க?” என்று கேளுங்கள். அம்மாவிடம் கடந்த மூன்று மாத மின்கட்டணச் சீட்டை வாங்கி, யூனிட்டை ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். அடுத்த மாதம் எவ்வளவு என்று வீட்டார் எல்லாரும் பார்க்கட்டும்.

கடைசியாக ஒரு மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தில்லை மரத்தால் வந்தது. அது அலையாத்திக் காட்டு மரம். சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் இன்றும் இருக்கிறது. அதே மரம் நம் நாட்டுக் கடலோரச் சேற்றிலும் வளர்கிறது. மலாய்க்காரர்கள் அதைப் பூத்தா பூத்தா என்பார்கள். அலையாத்திக் காடு கரிவளியை வாங்கிச் சேற்றுக்குள் சேர்த்து வைக்கிறது, அலையின் வேகத்தையும் தணிக்கிறது. நடராசர் ஆடும் தலத்துக்குப் பெயர் கொடுத்த மரம் நம் கரையையும் காத்து நிற்கிறது. அதைப் பார்க்க ஒருமுறை இளைஞர் குழுவாகக் கோலசிலாங்கூருக்கோ மாத்தாங்குக்கோ போய் வாருங்கள். தலவிருட்சத்தைச் சுற்றி வந்து கும்பிடுவதுபோல் கும்பிட்டுவிட்டு வாருங்கள். போகும்போது தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள்.

திருச்சிற்றம்பலம்.