பெயரை மறைப்பானேன்?

திருவண்ணாமலையில் பௌர்ணமி வந்துவிட்டால் லட்சக்கணக்கான மக்கள் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கின்றனர். நெற்றியில் நீறும் உடலில் காவியுமாகச் செல்லும் அவர்களில் எவரும் தம் நம்பிக்கையை மறைப்பதில்லை. அப்பாதையோரக் கடையொன்றில் வேலை பார்க்கும் நமது சமுதாயத்துப் பிள்ளை ஒருவனோ, பெற்றோர் இட்ட பெயரை விட்டு, 'ராஜா' என்று சொல்லி வைத்திருக்கிறான். அஸர் தொழப் போகும்போது, 'டீ குடித்துவிட்டு வருகிறேன்' என்கிறான். ஏன் என்று கேட்டோம். "பயமில்லை மாமா, ஒரு மாதிரி பார்ப்பார்களோ என்றுதான்" என்றான்.

அவனைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. பெயரைக் கேட்டதும் 'வீடு வாடகைக்கு இல்லை' என்ற பதிலைப் பெற்றவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ஆயினும் சிந்திக்க வேண்டும்.

மக்கத்துக் குறைஷிகள் சித்திரவதை செய்தபோது, அம்மார் பின் யாஸிர் (ரலி) அவர்கள் நாவால் வேறு சொல்ல நேர்ந்தது. உள்ளம் ஈமானில் உறுதியாக இருந்ததால் அது குற்றமாகவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் மார்க்கம் சலுகை தருகிறது. கூச்சம் சித்திரவதையாகுமா?

சினிமாவைப் பற்றி நமக்குள் பல கருத்துகள் இருக்கலாம். ஆனாலும் ஓர் உண்மையைப் பாருங்கள். பெஷாவரில் பிறந்த யூசுப் கான், 1944 இல் திலீப் குமார் என்ற பெயரில் திரைக்கு வந்தார். சென்னையில் திலீப் குமாராகப் பிறந்தவரோ, இஸ்லாத்தைத் தழுவி, 1992 இல் 'ரோஜா' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் என்றே அறிமுகமானார். அன்று அவர் புகழ்பெற்றவரல்லர். என்றாலும் பெயருக்காகத் தமிழகம் அவரை ஒதுக்கவில்லை. 2009 இல் ஆஸ்கர் மேடையில், 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்று தமிழிலேயே சொன்னார்.

மறைப்பதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. அந்தப் பிள்ளை நாணயமானவன்; கல்லாவில் ஒரு ரூபாய் பிசகாது. அந்த நற்பெயரெல்லாம் இல்லாத ஒரு 'ராஜா'வுக்கல்லவா போய்ச் சேருகிறது! ஒரு முஸ்லிமின் நேர்மையைத் தினமும் கண்ணால் கண்டும், அது முஸ்லிமின் நேர்மை என்று முதலாளி அறியாமலே இருக்கிறார்.

பெயரை உரக்கச் சொல்லிவிட்டு எடையில் மோசம் செய்வோமானால், அதுவும் மார்க்கத்தை மறைப்பதுதான்.

பெற்றோர்களே! பெயர் சூட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. அதைத் தயங்காமல் சொல்லும் துணிவையும், அதற்கேற்ற நடத்தையையும் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். அல்லாஹ் அருள்புரிவானாக, ஆமீன்.