கிறிஸ்தவ வாழ்வில் பொச்சாவாமை

மனிதனுடைய குற்றங்களை ஆராயுமிடத்து அவை இருவகைப்படுதல் விளங்கும். செய்யத்தகாதன செய்தல் ஒன்று. செய்யத்தக்கன செய்யாது விடுதல் மற்றொன்று. கொலை, களவு முதலியவற்றுக்கு நாளும் இடமும் சாட்சியும் உண்டு. இரண்டாம் வகைக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. ஒருவன் தன் சமய வாழ்வை எந்த நாளில் கைவிட்டான் என வினவின், அவனாலேயே விடை கூற இயலாது. இம்மறதியை வள்ளுவர் பொச்சாப்பு என்றார். பகவான் புத்தரோ விழிப்புடன் முயல்வதையே தம் இறுதி உபதேசமாக அருளினார். கிறிஸ்தவ சமயம் இதனை எங்ஙனம் நோக்குகின்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இயேசுநாதர் கூறிய தாலந்து உவமையில், ஒரு தாலந்து பெற்ற ஊழியன் அதனை மண்ணிற் புதைத்து வைத்து, தலைவன் மீண்டபோது குறையாமல் திருப்பிக் கொடுத்தான். அவன் திருடவில்லை, சூதாடித் தோற்கவுமில்லை. எனினும் தண்டனை பெற்றவன் அவனே. தீமை செய்யாமை மட்டும் அறமாகாது என்பது இதன் கருத்து.

நான்காம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் நோன்பு நோற்ற எவாக்ரியஸ் என்னும் துறவி, இச்சோர்வை நண்பகற் பேய் என்று குறித்தார். பொழுது நகராதது போல் தோன்றும். துறவியின் கண் சாளரத்தை நாடும். இருக்கும் இடம் கசக்கும். இச்சோர்வு கடமையின் வேடமும் பூணும் என்றார் அவர் வழிவந்த காசியன். தொலைவிலுள்ள நோயாளியைக் காணச் செல்வதே இப்போது பேரறம் என்று அது மனத்தைத் தூண்டுமாம். ஆகவே ஓயாத அலைச்சலும் ஒருவகை அசட்டையாகலாம்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். மீட்பு இறைவனின் அருட்கொடை என்பது கிறிஸ்தவக் கோட்பாடு. கொடையாயின் முயற்சி எதற்கு? ஹைதராபாத்தின் கிழக்கேயுள்ள உப்பலைக் கடந்து செல்லும் பெருவழி வாரங்கல் நாட்டை அடைகின்றது. அங்கே காகதீயர் 13ஆம் நூற்றாண்டில் அமைத்த பாகால், இராமப்பா ஏரிகள் இன்றும் உள்ளன. மழை வானத்தின் கொடை. அதனை எவரும் உழைத்துப் பெறவில்லை. ஆயின் கரை காப்பது மாந்தர் கடமை. கரை உடைந்த ஏரியில் எவ்வளவு பெய்தாலும் நீர் நில்லாது. முயற்சி அருளை விலைக்கு வாங்குவதன்று. வந்த அருளை வீணாக்காது தாங்குவதாகும்.

வாரங்கல்லுக்கு அப்பாலுள்ள டோர்ணக்கல்லில் இவ்வுண்மையை வாழ்ந்து காட்டியவர் ஒரு தமிழர். வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையிற் பிறந்தார். பெறுவதில் நிறைவு கண்டு கொடுப்பதை மறந்த சபை உயிர் குன்றும் என்பது அவர் கருத்து. மகிழ்ச்சியின் மிகுதியில் தோன்றும் மறதி கடுஞ்சினத்தினும் தீது என வள்ளுவர் கருதியதும் இதுவே அன்றோ? 1903இல் அவரும் அன்பர்களும் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தை நிறுவினர். 1909இல் அவரே நிஜாம் ஆட்சிக்குட்பட்ட டோர்ணக்கல்லுக்குச் சென்று, தெலுங்கு கற்று, ஏழை மக்களிடையே பணிபுரிந்தார். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். ஞானஸ்நானத்தோடு பணி முடிந்ததென அவர் எண்ணவில்லை. அதன் பின்னரே அழுக்கு, பிணி, கடன், குடி ஆகியவற்றை எதிர்த்து நெடுநாள் போராடினார். அவர் எழுப்பிய பேராலயம் கால் நூற்றாண்டு உழைப்பின் பின் 1939இல் நிறைவெய்தியது. 1945இல் மறையும் வரை அவர் தம் பணியை விட்டு அகலவில்லை.

தென்னிந்தியத் திருச்சபைப் பெண்களிடையே பிடியரிசி என்னும் வழக்கம் உண்டு. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக்கலத்தில் வைத்துக் காணிக்கையாக்குவர். ஒருநாள் தவறினால் உலகம் அறியாது, கலமும் வெறுமையாகாது. அசட்டை நுழையும் வாயில் இதுவே. ஆயின் கை மட்டும் பழகி, மனம் வேறெங்கோ நிற்குமாயின், தவறாது இட்ட பிடியும் வெறும் பழக்கமாகத் தேயும். செயல் வழுவாமையும் மனம் விழித்திருத்தலும் சேர்ந்ததே உண்மையான ஊக்கம்.

ஆகலின், சமயப் பற்றுடையோர் எவராயினும், 'இன்று என்ன தீமை செய்தேன்' என்பதோடு, 'இன்று எந்த நன்மையைச் செய்யாது விட்டேன்' என்றும் நாள்தோறும் தம்மை வினவுதல் வேண்டும். முதல் வினாவுக்கு விடை பெரும்பாலும் எளிது. இரண்டாவதைக் கேட்கவே மறந்துவிடுகின்றோம்; அம்மறதியே பொச்சாப்பு.