திரும்பி வராத பந்து

ராயக்கோட்டையில் காலையில் இரண்டு கூட்டம் வேலைக்குக் கிளம்பும். ஒன்று தக்காளி மண்டிக்கு. இன்னொன்று கம்பெனி பஸ் ஏறி ஓசூருக்கு.

மண்டியில் பொது இலக்கு என்று எதுவும் கிடையாது. விவசாயிக்கு விலை ஏறணும், வியாபாரிக்கு இறங்கணும், சுமை தூக்குபவருக்குப் பெட்டி கூடணும். இருந்தும் சரக்கு நகர்ந்துவிடுகிறது. கம்பெனியில் சுவரிலேயே இலக்கு எழுதியிருக்கும். மேனேஜரிலிருந்து பயிற்சியாளர்வரை ஒரே திசையில் இழுக்க வேண்டும். என் கேள்வி இதுதான்: இன்னொருவர் வகுத்த இலக்கு எப்போது நியாயமாக என்னுடையதாகிறது?

ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் மோட்டார் 2002-ல் டெமிங் பரிசு வாங்கியது. அதே குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998-லேயே வாங்கியிருந்தது. 1951-லிருந்து ஜப்பானில் வழங்கப்படும் இந்தப் பரிசுக்கு, நிர்வாகத்தின் கொள்கை கடைசி ஆள்வரை எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதையும் பார்ப்பார்கள். ஜப்பானியர்கள் இந்த முறையை ஹோஷின் கன்ரி என்கிறார்கள். மேலே ஆண்டு இலக்கைச் சொல்வார்கள். கீழே இருப்பவர் "இந்த மெஷினை வச்சு இவ்வளவுதான் முடியும்" என்று திருப்பி அனுப்புவார். திருத்தத்தோடு மறுபடி வரும். பந்தை எறிந்து பிடிக்கும் விளையாட்டின் பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், டெமிங்குக்கே எண் இலக்குகளில் நம்பிக்கை இல்லை. அவருடைய 14 அம்சங்களில், தொழிலாளிக்கு முழக்கங்களும் எண் இலக்குகளும் கொடுப்பதை நிறுத்தச் சொல்கிறார். பயத்தை விரட்டச் சொல்கிறார். குறைகளில் பெரும்பகுதி அமைப்பிலிருந்து வருகிறது, அமைப்பை மாற்றும் அதிகாரம் தொழிலாளியிடம் இல்லை என்பது அவர் வாதம். பரிசும் டெமிங்கும் ஒத்துப்போகும் இடம் ஒன்றே ஒன்றுதான்: பந்து உண்மையிலேயே திரும்பி வர வேண்டும்.

மென்பொருள் துறையில் இதே சங்கதி ஓகேஆர் என்ற பெயரில் வரும். இன்டெலில் ஆண்டி குரோவ் உருவாக்கியதை, 1999-ல் ஜான் டோர் கூகுளுக்குக் கொண்டுபோனார். காலாண்டு தொடக்கத்தில் மேலே இருக்கும் வரியைக் கொஞ்சம் மாற்றி நம் பெயருக்குக் கீழே ஒட்டிவிடுவோம். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும். யாரும் "முடியாது" என்று சொல்லாத இடத்தில் பொருத்தம் சுலபம். ஆனால் மறுக்க வழியிருந்தும் ஏற்றுக்கொண்டால்தானே அது சம்மதம்?

கம்பெனி பஸ்ஸில் நிரந்தரத் தொழிலாளியும் இருப்பார், ஒப்பந்தத் தொழிலாளியும் இருப்பார், பயிற்சியாளரும் இருப்பார். சில மாதங்களில் வெளியேற வேண்டியவரிடம் ஐந்தாண்டுக் கனவைச் சுமக்கச் சொல்வது என்ன நியாயம்? அந்த எதிர்காலத்தில் அவருக்கு இடமே போடவில்லையே. வாங்கும் கூலிக்கு நேர்மையான வேலை தர அவர் கடன்பட்டவர். அதற்குமேல் விசுவாசத்தையும் கேட்பதென்றால், நிறுவனம் பதிலுக்கு ஏதாவது தர வேண்டும்.

அப்போ மண்டியே மேலா? அதுவும் இல்லை. வரத்து கூடி விலை சரிந்தால், பறிப்புக் கூலிக்கே கட்டாமல் தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். யாரைப் போய்க் கேட்பது? அந்த நஷ்டத்துக்கு யாருமே பொறுப்பில்லை. பொது இலக்கு இருக்கும் இடத்தில், கேட்பதற்கு ஒரு ஆளாவது இருப்பார். அது சின்ன விஷயம் இல்லை.

ஆகவே இலக்கைப் பகிர்ந்துகொள்ளும் நிறுவனம், கேள்வி கேட்கும் உரிமையையும் சேர்த்தே பகிர வேண்டும் என்கிறேன். வரிசையின் கடைசியில் நிற்கும் பயிற்சியாளர் "இந்த மாசம் இவ்வளவு வராது சார்" என்று சொன்னால் அடுத்து என்ன நடக்கிறது என்று பாருங்கள். இலக்கு யாருடையது என்று தெரிந்துவிடும்.